மாரிக்கு முன் ட்ரெயிலர் வீட்டின் கூரையைச் சோதிக்கும் முறை: ஏறுவது கடைசி வேலை

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள கோமாரியில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் உள்ள ஒரு தென்னந்தோப்பில் எங்களுடைய இரண்டு ட்ரெயிலர் வீடுகள் நிற்கின்றன. அறுகம்குடாவுக்கு அலைச்சறுக்க வருகிறவர்களுக்குச் சித்திரையிலிருந்து புரட்டாசி வரை வாடகைக்கு விடுகிறோம். ஒன்று வெளிநாட்டிலிருந்து வந்த பழைய வண்டி. அதற்கு ரப்பர் விரிப்புக் கூரை. மற்றது இங்கேயே ஒரு பட்டறையில் பெட்டி இரும்புச் சட்டத்தின் மேல் அலுமினியத் தகடு அடித்துச் செய்தது.

இரண்டு வருடங்களுக்கு முன் ஐப்பசியின் முதல் பெருமழையில் பழைய வண்டியின் பின்பக்க ஜன்னலோரம் தண்ணீர் சொட்டியது. மழை விட்டதும் ஏணியைச் சாத்திக் கூரைக்கு ஏறிவிட்டேன். ஜன்னலுக்கு மேலேதான் ஓட்டை இருக்கும் என்று நினைத்துப் பின்பக்கம் நடந்தேன். வண்டி இழுக்கும் வாகனத்தோடு பூட்டப்படாமல் நின்றது. என் பாரம் சக்கரத்துக்குப் பின்னால் போனதும் முன்பக்கம் எழும்பி, பின்பக்கம் தாழ்ந்தது. ஈரக் கூரையில் கால் சறுக்கி நிலத்தில் விழுந்தேன். கணுக்கால் எலும்பு வெடித்து 6 கிழமை வீட்டில் கிடந்தேன். அதற்குள் மழை வலுத்து, கூரைக்குக் கீழே இருந்த ஒட்டுப்பலகை ஊறி உளுத்துவிட்டது. அதைக் கழற்றி மாற்ற 1,92,000 ரூபாய் போனது. பிரித்துப் பார்த்தபோது ஓட்டை ஜன்னலுக்கு மேலே இல்லை. 6 அடி முன்னால், காற்றுப் போக்கியின் ஓரத்தில் இருந்தது. தண்ணீர் அங்கே நுழைந்து, சட்டத்தின் வழியே ஓடி, பின்பக்கம் வந்து சொட்டியிருக்கிறது.

அந்த ஓட்டையை வண்டிக்குள் நின்றபடியே 10 நிமிடத்தில் கண்டுபிடித்திருக்கலாம். ஏறியிருக்கவே தேவையில்லை. ஆகவே இந்தக் கட்டுரையில் கூரைக்கு ஏறுவது எட்டாவது படியில்தான் வருகிறது. தயவுசெய்து வரிசையை மாற்றாதீர்கள். வாடகைக்கு விடும் ட்ரெயிலர், சொந்தப் பயணத்துக்கான கரவன், கடற்கரையில் நிறுத்தும் உணவு வண்டி எல்லாவற்றுக்கும் முறை ஒன்றுதான்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் குறியுங்கள்

வருடத்தில் இரண்டு முறை பார்க்க வேண்டும். முதலாவது, ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி நடுப்பகுதிக்குள். கச்சான் காற்று அடங்கி, மாரி இன்னும் தொடங்காத இடைவெளி இது. கூரை காய்ந்திருக்கும், மூட்டுகளை அடைக்கும் பசையான சீலன்ட் பூசினால் இறுகுவதற்கும் நாட்கள் கிடைக்கும். இரண்டாவது, மழை ஓய்ந்த பின் மாசியில். மாரி என்ன செய்துவிட்டுப் போயிருக்கிறது என்று அப்போது தெரியும். பருவம் சித்திரையில் தொடங்குவதால் திருத்துவதற்கும் அவகாசம் உண்டு.

வாடகைக்கு விடுகிறவர்கள் புரட்டாசியில் இரண்டு முழு நாட்களை முன்பதிவில் அடைத்து வையுங்கள். விருந்தினர் 11 மணிக்குப் போய் அடுத்தவர் 2 மணிக்கு வரும் இடைவெளியில் செய்து முடிக்கலாம் என்று நினைக்காதீர்கள். அவசரத்தில் ஏறுகிறவர்தான் விழுகிறார்.

நேரம் காலை 7 மணியிலிருந்து 10 மணி வரை. அதற்கு முன் பனி ஈரம் இருக்கும். பனியில் நனைந்த ரப்பர் கூரை சவர்க்காரம் தேய்த்த தரையைப் போல வழுக்கும். கையால் தடவிப் பார்த்து, விரல் ஈரமாகாவிட்டால் மட்டும் வேலையைத் தொடங்குங்கள். 10 மணிக்குப் பின் அலுமினியத் தகடு முழங்காலைச் சுடும். பிற்பகலில் இடி மின்னல் வரக்கூடிய மாதங்கள் இவை என்பதால் முதல் நாள் இரவே வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்பைப் பாருங்கள். தென்னை ஓலை சலசலக்கும் அளவுக்குக் காற்று இருந்தால் அன்று ஏற வேண்டாம்.

2. ஆவணங்களை ஒரு கோப்பில் சேருங்கள்

கூரை பார்ப்பதற்கு ஆவணம் எதற்கு என்று நானும் நினைத்ததுண்டு. மாரியில் மரம் முறிந்து விழுந்தாலோ புயல் தகட்டைப் பிய்த்தாலோ, காப்புறுதியாளர் கேட்கும் முதல் கேள்வி "இதற்கு முன் கூரை எப்படி இருந்தது?" என்பதுதான். பதில் சொல்ல என்னிடம் ஒரு படம்கூட இருக்கவில்லை.

கோப்பில் இருக்க வேண்டியவை: வாகனப் பதிவுச் சான்றிதழ், நடப்பு வருடத்தின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி ஒப்பந்தத்தின் முழுப் பிரதி, வண்டி செய்த பட்டறையின் பற்றுச்சீட்டு அல்லது தயாரிப்பாளரின் கையேடு, இதுவரை செய்த திருத்தங்களின் பற்றுச்சீட்டுகள். இவற்றோடு திகதி தெரியும்படி எடுத்த கூரைப் படங்களும் வேண்டும். படங்களைத் தொலைபேசியில் மட்டும் வைக்காதீர்கள். தொலைபேசி தண்ணீரில் விழும் நாளும் வரும்.

காப்புறுதி ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களைத் தேடி வாசியுங்கள். புயல், வெள்ளம், மரம் விழுதல் ஆகியவை சேர்க்கப்பட்டிருக்கின்றனவா என்பது ஒன்று. தேய்மானமும் நாட்பட்ட நீர்க்கசிவும் விலக்கப்பட்டிருக்கின்றனவா என்பது மற்றது. பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் உங்கள் கூரைக்கு ஒரு சதமும் வராது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க அது போதும் என்பதால் பலர் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

சேதம் நேர்ந்தால் முதலில் படம் எடுங்கள், காப்புறுதிக்கு அறிவியுங்கள், பிறகு தறப்பாள் போட்டு மூடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும் முன் முழுத் திருத்தம் செய்துவிடக் கூடாது. மூடாமலும் விடக் கூடாது, ஏனென்றால் அதன் பின் நனைந்ததற்குப் பொறுப்பு உங்கள் தலையில் விழும். புயல் சேதமென்றால் கிராம உத்தியோகத்தரின் கடிதமும் கேட்கக்கூடும்.

3. சாமான்களும் செலவும்

நான் போன புரட்டாசியில் கொடுத்த விலைகளைத் தருகிறேன். அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் கடைக்குக் கடை வேறுபடும்.

14 அடி அலுமினிய ஏணி 32,000 ரூபாய். வாங்க வேண்டிய கட்டாயமில்லை. மேசன் வேலை செய்யும் ஒருவரிடம் நாளொன்றுக்கு 1,000 ரூபாய்க்கு வாடகைக்குக் கிடைக்கும். ஒட்டுப்பலகைத் துண்டுகள் இரண்டு, ஒவ்வொன்றும் 2 அடிக்கு 4 அடி, முக்கால் அங்குலத் தடிப்பு. பழைய பலகை வீட்டில் கிடந்தால் செலவே இல்லை. அவற்றின் அடியில் ஒட்டப் பழைய மெத்தைப் பஞ்சு. மென்மையான தும்புத்தடி, பாத்திரம் கழுவும் திரவம், இரண்டு வாளி, பிளாஸ்டிக் சுரண்டி, டோர்ச், பென்சில், கொப்பி. ஈரம் அளக்கும் சிறு கருவி 6,500 ரூபாய். இது இல்லாமலும் வேலை நடக்கும், ஆனால் இரண்டு வண்டி வைத்திருப்பவர் வாங்கினால் ஒரே மாரியில் அந்தக் காசு திரும்பிவிடும். உதவிக்கு நிற்பவரின் நாட்கூலி 3,500 ரூபாய். என் மச்சான் காசு வாங்குவதில்லை, ஆனால் அன்று அவருக்கு வேறு வேலை இல்லை என்பதை முன்பே உறுதி செய்துகொள்வேன்.

சீலன்ட் தனிக் கதை. ரப்பர் கூரைக்கு ஏற்ற, தானாக மட்டமாகப் பரவும் சீலன்ட் எங்கள் பக்கத்து ஹாட்வெயார் கடைகளில் எனக்குக் கிடைக்கவில்லை. கொழும்பிலிருந்து வரவழைக்க 3 கிழமை ஆனது, டியூப் ஒன்று 3,800 ரூபாய். ஆகவே ஆடியிலேயே சொல்லி வையுங்கள். வந்ததும் டியூபின் அடியில் அச்சிட்ட காலாவதித் திகதியைப் பாருங்கள். எனக்கு வந்த 4 டியூப்களில் ஒன்று 7 மாதம் பழையதாக இருந்தது. அழுத்தினால் கட்டியாக வந்தது. திருப்பி அனுப்பி மாற்ற மறுபடியும் 2 கிழமை.

காலில் ரப்பர் அடியுள்ள மூடிய சப்பாத்து. செருப்போடும் வெறுங்காலோடும் ஏறாதீர்கள். சாரம் கட்டிக்கொண்டு ஒருபோதும் ஏறாதீர்கள். ஏணிப் படியில் மிதிபட்டுக் காலைத் தடுக்கும்.

4. உள்ளேயிருந்து தொடங்குங்கள்

கூரையின் நோயை உள்ளே இருக்கும் கூரைப் பலகைதான் முதலில் சொல்லும். முதல் நாள் இரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, டோர்ச்சைப் பலகையோடு ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் சிறிய வீக்கமும் நிழலாகத் தெரியும்.

பிறகு மூக்கு. ஜன்னல்களை ஓர் இரவு மூடி வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் முதல் மூச்சில் வரும் மணத்தைக் கவனியுங்கள். ஊறிய பலகைக்கு ஈரச் சாக்கின் மணம் இருக்கும். இரண்டாவது மூச்சில் மூக்குப் பழகிவிடும் என்பதால் அந்த முதல் மூச்சை வீணாக்காதீர்கள்.

அதன்பின் பெருவிரல். காற்றுப் போக்கியின் நான்கு ஓரம், குளிரூட்டியைச் சுற்றி, மேல் அலுமாரிகளின் உள்மூலைகள், சுவரும் கூரையும் சேரும் விளிம்பு, கட்டிலுக்கு மேல் மூலை என்று ஒவ்வோர் இடமாக அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை எதிர்த்து நிற்கும். ஊறியது பாண் போல உள்ளே போகும். மேல் அலுமாரிகளில் உள்ளதை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். எனது வண்டியில் பூசணம் பிடித்த இடம் போர்வைகளுக்குப் பின்னால் ஒரு பருவம் முழுவதும் மறைந்திருந்தது.

கண்ட இடத்தை எல்லாம் கொப்பியில் வரையுங்கள். வண்டியை மேலிருந்து பார்த்ததுபோல ஒரு நீள்சதுரம், அதில் காற்றுப் போக்கி, குளிரூட்டி, ஜன்னல்கள். ஈரமான இடங்களைப் புள்ளியிட்டால், தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று படமே காட்டும். தண்ணீர் சொட்டும் இடம் அது நுழைந்த இடமல்ல. வண்டி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறதோ அந்தப் பக்கம் ஓடி வந்திருக்கும். ஆகவே ஓட்டையை மேட்டுப் பக்கத்தில் தேடுங்கள்.

5. நிலத்தில் நின்றே மேலே பாருங்கள்

தொலைபேசியை ஒரு நீண்ட கம்பில் கட்டி, காணொளியை ஓடவிட்டு, வண்டியைச் சுற்றி மெதுவாக நடந்து வாருங்கள். 10 அடி உயரத்திலிருந்து சாய்வாக எடுத்த படத்தில் வெடித்த சீலன்ட், உயர்ந்த ஆணி, தேங்கிய நீரின் தடம், தேங்காய் விழுந்த பள்ளம் எல்லாம் தெரியும். எங்கள் இரண்டாவது வண்டியில் இப்போது பெரும்பாலும் இதோடு வேலை முடிந்துவிடுகிறது.

சுவர்களில் மேலிருந்து கீழாக இறங்கும் கறுப்புக் கோடுகளையும் துருக் கோடுகளையும் பின்தொடருங்கள். கோடு தொடங்கும் இடத்தில் ஓர் ஆணியோ மூட்டோ இருக்கும். கடலோரத்தில் அலுமினியத் தகட்டில் இரும்பு ஆணியோ துருப்பிடிக்காத எஃகு ஆணியோ அடித்திருந்தால், உப்பு ஈரத்தில் அதைச் சுற்றியுள்ள அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி தெரிந்தால் அங்கே ஊசித்துளை விழுந்திருக்கலாம்.

மேலே தென்னை இருக்கிறதா என்றும் பாருங்கள். நிழலுக்காக நாங்களும் தென்னைக்குக் கீழேதான் நிறுத்தியிருந்தோம். காய்ந்த மட்டையின் அடிப்பகுதி ரப்பரைக் கிழிக்கும். தேங்காயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இப்போது மாரி வருமுன் மரமேறுகிறவரைக் கூப்பிட்டுக் காயும் மட்டையும் இறக்கிவிடுகிறோம். குரங்குகள் மரத்திலிருந்து கூரைக்குப் பாயும் தோப்பானால் காற்றுப் போக்கியின் மூடியைக் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். வெயிலில் நைந்த பிளாஸ்டிக் மூடி ஒரு பாய்ச்சலில் வெடிக்கும்.

6. வண்டியை அசையாமல் நிறுத்துங்கள்

என் கால் எலும்பு வெடித்தது இந்தப் படியைச் செய்யாததால். ஏணியைத் தொடுவதற்கு முன் இதைச் செய்து முடியுங்கள்.

எல்லாச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். கல் வைக்காதீர்கள், உருண்டுவிடும். முன் ஜாக்கை இறக்கி, நான்கு மூலைத் தாங்கிகளையும் இறக்குங்கள். முடிந்தால் இழுக்கும் வாகனத்தோடு பூட்டியே வையுங்கள். எங்கள் மணலில் தாங்கிகள் புதையும் என்பதால் ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் அடிக்கு ஓர் அடிப் பலகை வேண்டும். பிறகு பின்பக்க பம்பரை இரண்டு கையாலும் கீழே அழுத்திப் பாருங்கள். முன்பக்கம் அசைந்தால் இன்னும் தயாராகவில்லை.

மின்சாரத்தையும் இப்போதே துண்டியுங்கள். வெளி இணைப்பு வயரைக் கழற்றி, குளிரூட்டியை நிறுத்தி, காஸ் சிலிண்டரின் வால்வை மூடுங்கள். சூரிய மின்தகடு இருந்தால் வெயில் படுகிற நேரமெல்லாம் அதில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். அதன் இணைப்புகளைக் கையால் தொடாதீர்கள். வண்டிக்கு மேலேயோ அருகிலோ மின்கம்பி சென்றால் அலுமினிய ஏணியை அங்கே எடுக்கவே கூடாது. வண்டியை வேறிடத்துக்கு இழுத்துச் சென்ற பின்தான் வேலை.

7. ஏணி

உயரம் நான்கு பங்கென்றால் அடி ஒரு பங்கு வெளியே இருக்க வேண்டும். கூரை விளிம்பு 9 அடியில் இருந்தால் ஏணியின் கால் சுவரிலிருந்து இரண்டேகால் அடி தள்ளி நிற்க வேண்டும். விளிம்புக்கு மேல் 3 அடி ஏணி நீட்டி நிற்க வேண்டும், அதுதான் ஏறி இறங்கும்போது கைப்பிடி. 9 அடிக் கூரைக்கு 14 அடி ஏணி சொல்வது இதனால்தான். 10 அடி ஏணி எட்டும், ஆனால் இறங்கும்போது கால் படியைத் தேடிக் காற்றில் துழாவும்.

ஏணியின் கால்களுக்கு அடியிலும் அகலமான பலகை வையுங்கள். மேல் முனைகளில் பழைய துணி சுற்றினால் விளிம்பு நசுங்காது. மழைநீர் வழியும் மெல்லிய பீலியில் சாத்தாதீர்கள். இரண்டு கை ஒரு கால், அல்லது இரண்டு கால் ஒரு கை எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். சாமானைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறாமல், வாளியில் போட்டுக் கயிற்றால் இழுத்தெடுங்கள்.

கீழே ஒருவர் நின்று ஏணியைப் பிடிக்க வேண்டும். நீங்கள் இறங்கும் வரை அவர் அங்கேயே நிற்க வேண்டும், தேநீர் போடப் போகக் கூடாது. பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. யாராவது விழுந்தால் தூக்கி முச்சக்கரவண்டியில் ஏற்றாதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அந்தத் தூக்கலே ஆளை முடமாக்கும். அசைக்காமல் வைத்து 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அம்பியூலன்ஸ் இலவசமாக வரும்.

8. ஏறலாமா, கூடாதா

எல்லாக் கூரையும் ஆளைத் தாங்காது. இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் கிடைக்கும் வரை ஏறாதீர்கள். கையேட்டில் எழுதியிருக்கும். இங்கே செய்த வண்டியென்றால் செய்த பாஸிடம் மூன்று விடயம் கேளுங்கள்: சட்டங்களுக்கிடையே எவ்வளவு இடைவெளி, தகட்டுக்குக் கீழே பலகை இருக்கிறதா, அதன் தடிப்பு என்ன? எங்கள் உள்ளூர் வண்டியில் சட்டங்கள் 2 அடிக்கு ஒன்று, தகட்டுக்குக் கீழே பலகையே இல்லை. அதில் ஒருபோதும் ஏறுவதில்லை. நான்கு பக்கமும் ஏணியை மாற்றி மாற்றிச் சாத்தி, இடுப்பு விளிம்பைத் தாண்டாமல் நின்று பார்ப்போம். பின்பக்கம் ஏணி பொருத்தியிருக்கிறது என்பதற்காக மட்டும் கூரை தாங்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

உள்ளே அழுத்திப் பார்த்தபோது பாண் போல அமுங்கிய இடம் இருந்தால், அந்த மாதிரி இடத்துக்கு மேலே யாரும் போகக் கூடாது. கொப்பியில் வரைந்த படம் இப்போது உதவும்.

ஏறலாம் என்று உறுதியானால், ஒருவர் மட்டும் ஏறுங்கள். பஞ்சு ஒட்டிய பக்கம் கீழே இருக்கும்படி பலகையை விரித்து, முழங்காலில் தவழ்ந்து போங்கள். ஒரு பலகையில் இருந்துகொண்டு அடுத்ததை முன்னே நகர்த்துங்கள். பாரம் பரவுவதால் ரப்பரும் கிழியாது, பலகையும் உடையாது. விளிம்பிலிருந்து 2 அடி உள்ளேயே இருங்கள். பின்னோக்கி நகராதீர்கள், படம் எடுத்தபடி நகராதீர்கள். காற்றுப் போக்கியின் மூடியைப் பிடித்து எழும்பாதீர்கள்.

9. மேலே எதைப் பார்ப்பது

ஏறுவதற்கு முன் கழுவுங்கள். அழுக்கின் கீழே வெடிப்பு தெரியாது. ஏணியில் நின்றே நீளமான தும்புத்தடியால் கழுவி, காய விட்டு, மறுநாள் சோதியுங்கள். இரண்டு நாள் ஒதுக்கச் சொன்னது இதற்காகத்தான். ரப்பர் கூரையைப் பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் கொண்டு துடைக்கவே கூடாது. ரப்பர் ஊதிச் சுருங்கிக் கழன்றுவிடும். உயர் அழுத்த நீர்ப்பீச்சியும் வேண்டாம், நல்ல மூட்டையும் அது பிய்க்கும்.

கூரையின் நடுப்பகுதி ஒழுகுவது அரிது. ஒழுகுவது துளை போட்ட இடங்கள்தான். காற்றுப் போக்கி, குளிரூட்டி, மலசலகூடத்தின் காற்றுக் குழாய், அன்டெனா, சூரிய மின்தகட்டின் கால்கள், முன் பின் விளிம்புகளில் தகடு மடியும் மூட்டுகள். ஒவ்வொன்றிலும் சீலன்டின் ஓரத்தை விரல் நகத்தால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். மேலே வலைபோல மெல்லிய வெடிப்பு மட்டும் இருந்தால் அடுத்த தடவை பார்க்கலாம். ஓரம் கிளம்பினால், ஆணித்தலை தெரிந்தால், ஊடறுத்த வெடிப்பு இருந்தால் உடனே திருத்த வேண்டும். ரப்பர் கொப்புளம் போல எழும்பியிருந்தால் அதைக் குத்தாதீர்கள். ஓரத்தைப் பென்சிலால் குறித்து, மாசியில் வளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

10. அடைக்கும்போது வரும் பெரிய தவறு

ஒழுக்கு என்றால் கடைக்குப் போய் ஒரு சிலிக்கன் டியூப் வாங்கி வருவது எங்கள் எல்லோருடைய பழக்கம். நானும் அதைத்தான் செய்தேன். ரப்பர் கூரையில் சாதாரணச் சிலிக்கன் ஒழுங்காகப் பிடிக்காது. சில மாதங்களில் ஓரம் கிளம்பும். அதைவிட மோசமானது, சிலிக்கன் பட்ட இடத்தில் பிறகு சரியான சீலன்டும் ஒட்டாது. முழுவதையும் சுரண்டி எடுக்க எனக்கு ஒரு முழு நாள் பிடித்தது.

அலுமினியத் தகட்டிலும் கவனம் வேண்டும். பூசும்போது வினாகிரி மணம் வரும் சிலிக்கன் அமிலத்தை வெளியிடும். அது தகட்டையும் ஆணிகளின் துத்தநாகப் பூச்சையும் அரிக்கும். கடையில் அமிலமற்ற, நியூட்ரல் வகை என்று கேளுங்கள், அல்லது வெளிவேலைக்கான பொலியுரேத்தேன் சீலன்ட் வாங்குங்கள். தானாகப் பரவும் வகை மட்டமான இடத்துக்கு மட்டுமே உரியது. செங்குத்தான ஓரத்தில் பூசினால் வழிந்து சுவரில் இறங்கும். அங்கே வழியாத வகை வேண்டும்.

பழையதில் கிளம்பிய பகுதியை மட்டும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். கத்தி வேண்டாம், கூரையையே வெட்டிவிடும். துடைத்து, முற்றாகக் காய்ந்த பின், ஆணித்தலைகள் மூடும்படி பூசுங்கள். மேற்புறம் சில மணி நேரத்தில் காயும், உள்ளே இறுக நாட்கள் எடுக்கும். டியூபில் எழுதியிருக்கும் காலத்தை மதியுங்கள். ஒரு காற்றுப் போக்கிக்கு எனக்கு முக்கால் டியூப் போனது. கூரை முழுவதற்கும் 3 டியூப் என்று கணக்கு வையுங்கள். காற்றுப் போக்கியைக் கழற்றி மீண்டும் வைக்க நேர்ந்தால், அதன் விளிம்புக்குக் கீழே பியூட்டைல் நாடா (ஒட்டும் ரப்பர் நாடா) வைக்காமல் மேலே மட்டும் சீலன்ட் பூசி முடிக்க விடாதீர்கள்.

பலகை ஊறியிருந்தால் சீலன்டால் தீராது. மேலே அடைத்தால் ஈரம் உள்ளேயே அடைபட்டு உளுப்பு பரவும். ஓடாவியைக் கூப்பிட்டு அந்தத் துண்டை வெட்டி மாற்றுங்கள். கை அகல இடம் என்றால் இரண்டு நாள் வேலை. அதை மாசி வரை தள்ளிப்போட்டதால்தான் எனக்கு இலட்சக் கணக்கு வந்தது.

11. தண்ணீர் விட்டுச் சோதியுங்கள்

சீலன்ட் இறுகிய பின், ஏணியில் நின்று தோட்டக் குழாயால் மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். தாழ்வான பக்கத்தில் தொடங்கி மேட்டுப் பக்கம் போங்கள். ஒவ்வோர் இடத்திலும் 10 நிமிடம். மேட்டிலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா மூட்டிலும் ஓடி, எது ஒழுகியது என்று தெரியாமல் போகும். ஒருவர் உள்ளே டோர்ச்சோடு இருந்து, ஈரம் தெரிந்த கணம் குரல் கொடுக்க வேண்டும்.

12. பழைய ட்ரெயிலர் வாங்கப் போகிறவர்களுக்கு

முற்பணம் கொடுக்கும் முன் 4, 5 ஆகிய படிகளை விற்பவர் முன்னிலையிலேயே செய்யுங்கள். புதிதாகப் பெயின்ட் அடித்த உள்கூரை, அளவுக்கு மிஞ்சிய வாசனைத் திரவ மணம், கூரை முழுக்கப் பூசிய வெள்ளைச் சிலிக்கன் மூன்றும் சேர்ந்திருந்தால் நான் வாங்கமாட்டேன். பதிவுச் சான்றிதழில் உள்ள சேஸி இலக்கம் வண்டியில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று நீங்களே தடவிப் பாருங்கள். முடிந்தால் மாரி காலத்தில் போய்ப் பாருங்கள். வெயிலில் எல்லாக் கூரையும் நல்ல கூரைதான்.

13. முதல் மழை இரவு

எல்லாம் முடிந்த பின்னும் ஒரு வேலை இருக்கிறது. ஐப்பசியின் முதல் பெருமழை இரவில் வண்டிக்குள் படுங்கள். மழை தொடங்கி ஒரு மணி நேரத்தில் ஒரு தடவை, விடியுமுன் ஒரு தடவை டோர்ச்சோடு எழும்பி, கொப்பியில் புள்ளியிட்ட இடங்களை விரலால் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடிட்டு, திகதியும் நேரமும் எழுதி, படம் எடுத்துவிட்டு, கீழே ஒரு வாளியை வைத்துவிட்டுத் தூங்குங்கள். மழைக்குள் ஏணியை எடுக்க வேண்டாம். கூரை காயும் நாள் வந்ததும் முதல் படியிலிருந்து பார்க்கலாம்.